தாசில்தார் என்றொரு வங்காநரி

சித்திரை 21

மாரப்பன் 'முடியாது' என்று சொன்னான். அதனால்தான் எடுத்து வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

மாரப்பன் எனக்குப் பங்காளி. ஒன்றுவிட்ட தம்பியின் மகன். ஊருக்கு இப்போது பெரியதனக்காரன். அந்தப் பதவி எப்படி அவன் வீட்டுக்குப் போனது என்பது தனிக்கதை. அதை எழுத ஆரம்பித்தால் இந்த நோட்டு போதாது.

அவன் மேட்டுக்காட்டில் பொக்லைன் விட்டுப் புதரையெல்லாம் வழித்துக்கொண்டிருந்தான். ஒரு வளை இடிந்தது. தாய் ஓடிவிட்டது. ஒரே ஒரு குட்டி மட்டும் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. வேலையாள் ஒருவன் கல்லை எடுத்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"பெரியப்பா, அது நாய்க்குட்டி இல்லீங்க. வங்காநரி. வளர்க்க முடியாது, வுட்டுடுங்க" என்றான் மாரப்பன்.

"நரியும் நாய்ச் சாதிதான்டா. சோறு போட்டா நாய், போடலைன்னா நரி. அவ்வளவுதான் வித்தியாசம்."

துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் துண்டைக் கடித்தது. மீதி வழியில் என்னைக் கடித்தது.

வாசலில் நின்ற குப்பாயி பார்த்தாள். "வீட்டுக் காவலுக்கு ஒரு நாயி வேணும்னு சொன்னேன். காவலே போடவேண்டிய ஒண்ணக் கொண்டாந்து நிக்கிறீங்க."

கட்டிய நாளிலிருந்து இவள் என் செயல் எதையும் மெச்சியதில்லை.

சித்திரை 22

ஊசி போட்டுக்கொண்டேன். என்ன கடித்தது என்று நர்சம்மா கேட்டாள். நாய் என்றேன்.

வைகாசி 3

மணி என்று பெயர் வைத்தேன். நான் வளர்த்த நாய்கள் எல்லாவற்றுக்கும் மணி என்றுதான் பெயர். ஒன்று செத்தால் அடுத்ததற்குப் புதுப் பெயர் யோசிக்கிற வேலை மிச்சம்.

'மணி' என்று கூப்பிட்டால் நாய் வரும். இது எதிர்ப்பக்கம் போகிறது. தற்செயல் என்று நினைத்துப் பல தடவை சோதித்தேன். வடக்கே நின்று கூப்பிட்டால் தெற்கே போகிறது. தெற்கே நின்று கூப்பிட்டால் வடக்கே. காது கேட்கிறது என்பது மட்டும் உறுதியானது.

"மணின்னு வச்சா எப்படி வரும்? தாசில்தார்னு வைங்க. எத்தன தடவ கூப்பிட்டாலும் வராதது அதுதான்" என்றாள் குப்பாயி.

பட்டா மாற்றத்துக்கு நான் நடந்த நடையை அவள் இன்னும் மறக்கவில்லை. நானும்தான். பெயர் மாற்றப்பட்டது.

வைகாசி 19

தாசில்தார் என் பாயில் மூத்திரம் பெய்துவிட்டது. நாற்றம் சொல்லி மாளாது. பாயைத் துவைத்து, வெயிலில் போட்டு, கடைசியில் எரித்தேன்.

நாய் செருப்பைக் கடிக்கும். இது புதைக்கிறது. இடது கால் செருப்பு முருங்கை மரத்தடியில் கிடைத்தது. வலது கால் செருப்பு இன்னும் கிடைக்கவில்லை. குப்பாயியின் வெற்றிலைப் பை, ஒரு கோழி முட்டை, என் மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாம் பூமிக்கடியில்தான் இருக்கின்றன. முட்டை மட்டும் உடையாமல் கிடைத்தது. வாயில் கவ்விக்கொண்டு போய்க் குழி தோண்டிப் புதைத்து மூக்கால் மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறது. அவ்வளவு பக்குவமாக என் மருமகன்கூட எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை.

பகலெல்லாம் தூக்கம். பொழுது சாய்ந்தால் உத்தியோகம். வால் ஆட்டுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கரப்பான் பூச்சியைக் கண்டால்தான் ஆட்டுகிறது. என்னைக் கண்டால் இல்லை.

ஆனி 8

நான் சாப்பிடும்போது ஒரு கை தூரத்தில் வந்து உட்காருகிறது. கூப்பிடாமலே வருகிறது. கையில் வைத்து நீட்டினால் வாங்காது. கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். திரும்பிப் பார்க்கும்போது சோறு இருக்காது.

அதனால் பார்க்காத மாதிரி பார்க்கப் பழகிக்கொண்டேன். சுவரில் சாய்த்து வைத்த எவர்சில்வர் தட்டில் அதன் உருவம் தெரியும்.

"யாரு யாரப் பழக்கறாங்கன்னே தெரியலையே" என்றாள் குப்பாயி.

தட்டைத் துடைத்து மறுபடி சுவரில் சாய்த்து வைத்தேன்.

டீக்கடையில் மாரப்பன் எல்லார் முன்னாலும் கேட்டான். "என்னங்க பெரியப்பா, நரி பழகிடுச்சா?"

"கூப்பிட்டா ஓடி வருதுடா. நாய் கெட்டது போ" என்றேன்.

சீக்கிரமே வரத்தான் போகிறது. அதனால் இது பொய்யில் சேராது.

ஆடி 11

காலையில் எழுந்ததும் நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. அதற்காகத்தான் அந்தக் காலத்தில் பொங்கல் கழிந்த கரிநாளில் வங்காநரியைப் பிடித்து வந்து, காலில் கயிறு கட்டி, மாரியம்மன் கோயிலை மூன்று சுற்று ஓடவிட்டு, பிடித்த காட்டிலேயே கொண்டுபோய் விடுவார்கள். கயிற்றுக்கு முன்னால் தலையில் உருமால் கட்டிக்கொண்டு நடக்கிற பெரியதன உரிமை எங்கள் அப்பாவுக்கு இருந்தது. அப்பா காலில் புண் வந்து படுத்த வருடம் மாரப்பனின் அப்பன் 'இந்த ஒரு வருசம் மட்டும்' என்று வாங்கிக் கட்டினான். அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. தனிக்கதை என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். நோட்டு போதும் போலிருக்கிறது.

இப்போது நரி பிடித்தால் வனத்துறை வழக்குப் போடுகிறது. அதனால் சில வருடங்களாக மாரப்பன் டவுனில் வாங்கி வந்த பஞ்சுப் பொம்மையைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதுவும் நரிப் பொம்மை இல்லை, கரடிப் பொம்மை. அம்மனுக்குக் கண் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதக் காரணம், மேலத்தெரு ராசாக்கண்ணு நேற்று பெண் பார்க்கப் போகுமுன் எங்கள் வீட்டில் வந்து தாசில்தார் முகத்தில் விழித்துவிட்டுப் போனான். பெண் அமைந்துவிட்டது. இன்று விடியும்போது வாசலில் கூட்டம்.

ஆடி 18

கண்ணை மூடிக்கொண்டு வருகிறார்கள். படுக்கையிலிருந்து எழுந்து, கண்ணைத் திறக்காமல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தெருவோடு வருகிறார்கள். இன்று முன்னால் வந்தவர் சாக்கடையில் இறங்கினார். பின்னால் வந்தவர்களும் வரிசை கலையாமல் இறங்கினார்கள்.

ஒருத்தி அவசரப்பட்டுக் கண்ணைத் திறந்துவிட்டாள். எதிரே நான்.

"அய்யோ, உங்க மூஞ்சில முழிச்சுத் தொலைச்சேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் மூஞ்சிக்கு என்ன கொறைச்சல்?"

"நரி மூஞ்சில முழிக்க வந்தா நரியப் புடிச்சவரு மூஞ்சில முழிச்சா ஆகுமா?" என்றாள் உள்ளேயிருந்து குப்பாயி. இவள் யார் பக்கம்?

தாசில்தார் விடியற்காலையில் நெல் குதிருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. வந்தவர்கள் ஏமாறக் கூடாது என்று கழுத்தில் பட்டை போட்டுச் சங்கிலியில் கட்டினேன். வரிசையை நான்தான் ஒழுங்கு செய்கிறேன். இந்தத் தெருவில் என் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை இதுவரை இருந்ததில்லை. மாரப்பன் பெண்டாட்டிகூட வந்தாள். கடைசியில் நிற்க வைத்தேன்.

நான் தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

ஆவணி 5

வனத்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வனக்காப்பாளராம். பெயர் பூவிழி. வண்டியை நிறுத்திவிட்டு நேராகத் தாசில்தாரிடம் போய்த் தள்ளி உட்கார்ந்தாள். அதன் முகத்தைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் பார்த்தாள். நான் மாதக்கணக்கில் கற்றது இவளுக்கு வரும்போதே தெரிந்திருக்கிறது.

"இத வச்சிருக்கறது குத்தம் ஐயா."

"நான் வச்சிருக்கலம்மா. கதவு தொறந்துதான் கெடக்குது. அதுவா இருக்குது."

"சங்கிலி?"

"அது... பாதுகாப்புக்கு."

"யாரு பாதுகாப்புக்கு?"

பட்டையை மெல்லத் தள்ளிக் காட்டினாள். கழுத்தைச் சுற்றி முடி கொட்டித் தோல் சிவந்திருந்தது. வெளிச்சம் போதாததால் நான் இதைக் கவனிக்கவில்லை.

"நாய்ச் சாதிதானே இதுவும்" என்றேன்.

"தூரத்துச் சொந்தங்க ஐயா. ஆனா நாயி எத்தனையோ தலைமுறையா மனுசன் மூஞ்சியப் பாத்துப் பொழைக்கக் கத்துக்கிச்சு. இதுங்க கத்துக்கல. நீங்க நல்லா வச்சிருக்கீங்களா, மோசமா வச்சிருக்கீங்களாங்கறதே இல்ல. வச்சிருக்கீங்க, அதான் விசயம்."

கையில் வளர்ந்ததை அப்படியே காட்டில் விட்டால் செத்துவிடும், முதலில் அது தானே எலி பிடிக்கப் பழக வேண்டும், சங்கிலியை எடுத்துவிட்டுத் தீனியைக் குறைக்க வேண்டும், பொங்கலுக்குள் தானே போய்விட வேண்டும், போகாவிட்டால் மேலிடத்தில் சொல்லிக் கூண்டில் அடைத்துக் கொண்டுபோக வேண்டிவரும் என்று வரிசையாகச் சொன்னாள். போன் நம்பரைக் குப்பாயியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். என்னிடம் கொடுக்கவில்லை.

என் வீட்டில் வந்து எனக்கே உத்தரவு. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் பேச்செல்லாம் இப்படித்தான் இருக்கும்.

ஆவணி 6

சங்கிலியை எடுத்துவிட்டேன். அவள் சொன்னதற்காக இல்லை. துருப்பிடித்துவிட்டது.

ஆவணி 20

தீனியைக் குறைத்தேன். அரிசி விற்கிற விலையில் கட்டுபடியாகவில்லை. கழுத்தில் வேப்பெண்ணெய் தடவப் போனேன், கடித்தது. ஊசி. நாய் என்றேன். "உங்க நாய்க்கு என்னதான் கோவம்?" என்று கேட்டாள் நர்சம்மா.

விடியற்காலைக் கூட்டம் குறைந்துவிட்டது. சங்கிலி இல்லாததால் தாசில்தார் இருக்கிற இடம் யாருக்கும் தெரிவதில்லை. நேற்று ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டே காத்திருந்து உட்கார்ந்தபடி மறுபடி தூங்கிவிட்டான்.

புரட்டாசி 14

வைக்கோல் போரடியில் எலி பிடித்தது. நான் பார்க்காத மாதிரி பார்த்தேன். நாலு காலும் தரையை விட்டுக் கிளம்பி, வில் மாதிரி வளைந்து, மூக்கும் முன்னங்காலும் ஒன்றாக இறங்கின. எந்த மணியும் இப்படிச் செய்ததில்லை. மணிகள் எலியைப் பார்த்துக் குரைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும், பாராட்டுக்காக. இது எலியைத் தின்றுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டது.

ஐப்பசி 9

நல்ல மழை. மழை விட்டதும் பொழுது சாயும் வேளையில் ஈசல் கிளம்பியது. விளக்கைத் தரையில் வைத்து அகலச் சட்டியில் தண்ணீர் ஊற்றி நானும் குப்பாயியும் பிடித்தோம். தாசில்தார் அந்தப் பக்கம் காற்றிலேயே பிடித்தது. எழும்பி எழும்பி விழுந்து, சேற்றில் வழுக்கி, வாய் நிறைய இறக்கையோடு நின்றது. குப்பாயி அப்படிச் சிரித்து வெகு காலம் ஆயிற்று.

ஈசலை வறுத்துப் பொரியில் கலந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

கார்த்திகை 17

பொழுது இறங்குகையில் மேட்டுக்காட்டுப் பக்கமிருந்து ஒரு கூப்பாடு. கிட்டத்தட்டச் சிரிப்பு மாதிரி, அடுத்தடுத்து உடைந்து உடைந்து வந்தது. முருங்கை அடியில் படுத்திருந்த தாசில்தார் எழுந்தது. கழுத்தை நீட்டிப் பதில் கொடுத்தது. இந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் அதனிடம் இப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது.

"வரன் வந்திருக்குது" என்றாள் குப்பாயி.

சுவரேறிப் போய்விட்டது.

கார்த்திகை 18

விடியும்போது குதிரடியில் இருந்தது. கால் முழுக்கச் செம்மண். எங்கே போனாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, எதிர்ப்பக்கம் போய்விட்டது.

இனி கொல்லைக் கதவு திறந்தே இருக்கும். புழுக்கமாக இருக்கிறது.

மார்கழி 20

மாரப்பன் வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மடித்து வைத்த ஜரிகை உருமால்.

"பெரியப்பா, இந்தக் கரிநாளுக்குத் தாசில்தாரக் குடுங்க. மூணே சுத்து. பூ மாதிரி கொண்டாந்து வுட்டுடறோம். ஊரே கேக்குது. பொம்மையக் கட்டி ஓடறதப் பாத்துப் பக்கத்து ஊர்க்காரன் சிரிக்கிறான்."

"பாரஸ்ட்டுக்காரங்க?"

"காடு புகுந்து புடிச்சாத்தான அவங்களுக்குச் சேதி போவும்? இது வூட்ல வளர்ந்தது. கூப்பிட்டா ஓடி வருதுன்னு நீங்கதான சொல்றீங்க. நாயக் கூட்டிக்கிட்டு நடக்கற மாதிரிதான்." குரலைத் தாழ்த்தினான். "உருமால் நீங்கதான் கட்டணும். இனி வருசா வருசம் உங்க வூட்டுக்குத்தான். எங்கப்பன் செஞ்சது செஞ்சதா இருக்கட்டும்."

என் வாழ்நாள் முழுக்க இந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அவன் சொன்னபோது மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னான்.

தட்டை வாங்கிக்கொண்டேன்.

அவன் போன பிறகு குப்பாயி, "கால்ல கயிறு கட்டுவாங்களே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் மனைவி ஒரே வாக்கியத்தோடு நிறுத்தியது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

மார்கழி 28

கொல்லைக் கதவைச் சாத்திவிட்டேன். சுவர்மேல் முள் வைத்தேன். கரிநாள் வரைக்கும்தான்.

பொழுது சாய்ந்ததும் மேட்டுக்காட்டிலிருந்து கூப்பாடு வந்தது. தாசில்தார் பதில் கொடுக்கவில்லை. சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் முகத்தைப் பார்த்திருந்தால் ஏதாவது விளக்கம் சொல்லியிருப்பேன். பார்க்கவில்லை.

உருமாலைக் கட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். அப்பாவுக்குத் தலை சின்னது. எனக்கு இன்னும் எடுப்பாக இருக்கிறது.

தை 1

பொங்கல். தாசில்தார் இரண்டு நாளாக எதுவும் தின்னவில்லை. எவர்சில்வர் தட்டில் பார்த்தேன், நேராகவும் பார்த்தேன். சோறு அப்படியே இருக்கிறது.

"அந்தப் புள்ளைக்குப் போன் போடட்டுங்களா?" என்றாள் குப்பாயி.

"என் வீட்டு விசயத்துல எவளும் நுழைய வேண்டியதில்ல. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்" என்றேன்.

தை 3, கரிநாள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூடையில் வைத்து நானே தூக்கிப் போனேன். தலையில் உருமால். தெருவில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். என்னைப் பார்த்து எழுந்தார்களா, கூடையைப் பார்த்து எழுந்தார்களா என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. கோயில் முன்னால் பம்பை அடித்தார்கள். அடி விழ விழக் கூடை என் கைக்குள் நடுங்கியது. நாயாக இருந்தால் ஊளையிட்டிருக்கும், என் இடுப்பில் வந்து முட்டியிருக்கும். இது சத்தமே போடவில்லை. கூடையின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒளிந்துகொள்ளக் குதிர் இல்லை.

இளவட்டம் இரண்டு பேர் கயிற்றோடு வந்தார்கள்.

"முடிச்சு நான் போடறேன்" என்றேன்.

"பெரியப்பாவே போடட்டும், அவரு உரிமை" என்றான் மாரப்பன்.

பின்னங்காலைப் பிடித்தேன். கடிக்கவில்லை. எத்தனையோ தடவை கடித்தது, இன்று கடிக்கவில்லை. முடிச்சைச் சரியாகத்தான் போட்டேன். கை நடுங்குகிற வயது. சந்தேகப்பட ஒன்றுமில்லை.

கீழே விட்டதும் கயிறு இளவட்டங்கள் கையில் இருந்தது. நரி இல்லை.

பம்பைக்காரர் காலுக்கிடையில் புகுந்து, பந்தல் கம்பைச் சுற்றி, ஏரிக்கரையைப் பார்த்து எடுத்தது ஓட்டம். "வுடாத! புடி!" என்று ஊரே கத்தியது. இரண்டு பேர் வண்டியைக் கிளப்பினார்கள்.

"கூப்பிடுங்க பெரியப்பா! கூப்பிட்டா வரும்னீங்களே, கூப்பிடுங்க!" என்று மாரப்பன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

கூப்பிட்டேன். கரைமேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

"தாசில்தார்! ஏய் தாசில்தார்! வா இங்க!"

ஒரு கூப்பாட்டுக்கு ஏரிக்கரை தாண்டியது. இன்னொன்றுக்குப் பனைமரங்கள் தாண்டியது. மூச்சு இருந்தவரை கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. வண்டிக்காரர்கள் வாய்க்காலோடு நின்றுவிட்டார்கள்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்ப அது ஒரு நாளும் கூப்பிட்டு வந்ததில்லையா?" என்றான் மாரப்பன். "இத்தன மாசமா டீக்கடையில வுட்டதெல்லாம் டூப்பா?"

"ஆமாண்டா" என்றேன்.

மாரப்பனிடம் 'ஆமாம்' என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அவனே கொஞ்சம் ஆடிப்போனான்.

உருமாலை அவன் கேட்குமுன் நானே அவிழ்த்துக் கொடுத்தேன். ஜரிகை வெறும் பிளாஸ்டிக். நெற்றியெல்லாம் அரிப்பு. அவர்கள் கரடிப் பொம்மையைத் தேடி எடுத்து வந்து கட்டினார்கள். நான் மூன்றாவது சுற்றுக்கு நிற்கவில்லை.

தை 4

"முடிச்சு அவுந்துச்சா, அவுத்தீங்களா?" என்றாள் குப்பாயி.

"அவுந்துச்சு."

"சரிங்க."

மதியம் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். காரணம் கேட்கவில்லை.

தை 13

டீக்கடையில் யாரும் என்னோடு பேசுவதில்லை. நான் போனால் "தாசில்தார் வர்றாரு" என்கிறார்கள். சொல்லட்டும்.

பூவிழி வந்தாள். வீடு முழுக்கப் பார்த்தாள். குதிரடியில் குனிந்து பார்த்தபோது ஒரு செருப்பு கிடைத்தது. என் வலது கால் செருப்பு. கொடுத்தாள்.

"மேட்டுக்காட்டுப் பக்கம் ரெண்டு திரியுதுங்க ஐயா. ஒண்ணுக்குக் கழுத்துல முடி இப்பத்தான் மொளைக்குது" என்றாள்.

"நான் கேட்டனா?"

"இல்லீங்க. சொல்லணும்னு தோணுச்சு."

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னது குப்பாயிதான். நான் இல்லை. சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டேன்.

மாசி 6

மாரப்பன் தன் மேட்டுக்காட்டை முழுக்க வழித்து மரவள்ளி போட்டுவிட்டான். அதை ஒட்டி இருக்கிற என் ஒரு ஏக்கரில் மட்டும்தான் இன்னும் இலந்தைப் புதரும் கரையான் புற்றும் நிற்கின்றன. போன வருடமே பேசிவைத்தபடி இன்று டிராக்டர்காரன் தங்கராசு உழ வந்தான். நான் வரப்பிலேயே நின்றேன்.

"இந்த வருசம் உழவு வேண்டாம், போ."

"ஏனுங்க? மரவள்ளி போடலீங்களா?"

"கெழங்குக்கு வெலையில்ல."

"ஏறியிருக்குதுங்களே!"

"எனக்கு வேண்டிய வெலை இல்ல."

இறங்கி வந்து பார்த்தான். புற்றுக்குப் பக்கத்தில் புது மண் தள்ளியிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு வாய்.

"என்னங்க இது, வளையா?"

"எலி வளை."

"இவ்வளவு பெருசாவா?"

"எங்க காட்டு எலி பெருசு."

என்னை மேலும் கீழும் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டு வண்டியில் ஏறி, வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை மிதித்து ஊரே அதிரும்படி இரைச்சல் போட்டான்.

"மெதுவாப் போடா!" என்று கத்தினேன். "பகல்ல எலிங்க தூங்கும்!"